தீர்ப்பில் இல்லாத தனியறை

பேருந்துப் பணிமனைக்கு எதிரே உள்ள பஞ்சர்க் கடைக்குச் சைக்கிள் இல்லாமல் வருகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் பெண்கள். கேட்கலாமா வேண்டாமா என்று தெரியாமல், ஒரு காலை முன்னே வைத்து மறு காலைப் பின்னே இழுத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார்கள். டயரைக் கழற்றிக்கொண்டிருக்கும் கடைக்காரி தலையை நிமிர்த்தாமலே, "உள்ள வந்து உக்காரும்மா. ஜெயில்ல யாரு, புருஷனா பிள்ளையா?" என்பார்.

அவரைத் தெருவே பஞ்சர் அக்கா என்று அழைக்கும். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவருடைய கணவர்கூடச் சில வேளைகளில் வாய் தவறி "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு, அன்று முழுவதும் வாங்கிக் கட்டிக்கொள்வதுண்டு.

அப்பா விட்டுச்சென்ற சொத்து அந்தக் கடையும், அவரைவிடப் பல வயது இளையவனான ஒரு தம்பியும்தான். இரண்டையும் அவர் தோளில் சுமந்தார். கடை சொன்னபடி கேட்டது, தம்பி கேட்கவில்லை. ஆனால் அவனை வெறுக்க யாராலும் முடியாது. வாயைத் திறந்தால் மூடமாட்டான். ஒரு கதையைத் தொடங்கினால் அதற்குள் இன்னொரு கதை, அதற்குள் வேறொன்று என்று போய்க்கொண்டே இருப்பான். தெருவில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். பேசினால் சோறு போடும் வேலை எதுவும் கிடைக்காததால், பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில் சேர்ந்தான். அங்கே திருட்டு மோட்டார்கள் கைமாறின. தெரிந்தே அவனும் சிலவற்றை விற்றுக் கொடுத்தான், பிடிபட்டான், சிறைக்குப் போனான்.

அன்று நீதிமன்றத்திலிருந்து திரும்பிய அக்கா அழவில்லை. "செஞ்சான், அனுபவிக்கிறான். அதுல நான் பேச ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் கடையைத் திறந்தார்.

அவர் வேலை செய்யும் விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி, ஓர் இடத்தில் குமிழி வந்ததும் மற்றவர்கள் உடனே ஒட்டுப்போட உட்கார்ந்துவிடுவார்கள். அக்கா உட்காரமாட்டார். அந்த இடத்தில் ஒரு குறி வைத்துவிட்டு, டியூபின் மீதி முழுவதையும் அங்குலம் அங்குலமாகத் தண்ணீரில் அழுத்திப் பார்ப்பார். வாடிக்கையாளர் அவசரப்பட்டால், "ஒரு ஓட்டை தெரிஞ்சா ஒரு ஓட்டைதான் இருக்குன்னு அர்த்தமா? பொறுங்க" என்பார். பொறுக்கமாட்டாதவர்கள் எதிர்க்கடைக்குப் போவார்கள். மறுவாரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இங்கேயே வருவார்கள்.

சிறையில் தம்பியைத் தையற்கூடத்தில் போட்டிருந்தார்கள். பலர் சேர்ந்து உறங்கும் பெரிய கூடம் ஒன்றில் அவனுக்கும் ஓர் இடம். கம்பி வலைக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு அவன் பேசுகிற பேச்சில், பார்க்க வந்தவர்களுக்கு ஒதுக்கிய நேரம் எப்போதும் போதாது. பக்கத்தில் நிற்கும் காவலரும் சிரித்துவிட்டுப் பிறகு முகத்தை இறுக்கிக்கொள்வார். அக்காவுக்கு ஒரு நிம்மதி இருந்தது: இவன் எங்கே போனாலும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பிழைத்துவிடுவான்.

அந்த நிம்மதி ஒருநாள் போயிற்று. அன்று தம்பியைத் தாமதமாக அழைத்து வந்தார்கள். முகம் வெளிறியிருந்தது. அக்கா கேட்டதற்கெல்லாம் "ம்" என்றான்; "இல்ல" என்றான். உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினான்.

"டேய், வாயில என்ன கொழுக்கட்டையா? என்னடா ஆச்சு?"

"தனியறையில போட்டுட்டாங்க. கொஞ்ச நாளாச்சு."

"ஏன்? யாரோட சண்டை போட்ட?"

"யாரோடயும் இல்ல. உன் நல்லதுக்குத்தான்னாங்க."

அவ்வளவுதான். தையற்கூடம் இல்லை, கூடத்துத் தோழர்கள் இல்லை. காலையில் சிறிது நேரம் ஒரு சுவரோரம் தனியாக நடக்கவிடுவார்கள், பிறகு கதவு. சந்திப்பின் மீதி நேரத்தை இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடியே கழித்தார்கள். வெளியே வந்த அக்காவுக்குத் தம்பி சிறையில் இருப்பது அன்றுதான் முதன்முதலாக உறைத்தது.

மறுநாள் கடையை அடைத்துவிட்டுச் சிறையின் நலன் அலுவலரைப் பார்க்கப் போனார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் முழுதாகச் சொல்லாத நல்ல மனிதர்.

"பாதுகாப்புக்காகத் தனியா வெச்சிருக்காங்கம்மா. தண்டனை இல்ல."

"யாருகிட்டேருந்து பாதுகாப்பு, சார்?"

"அதெல்லாம் வெளியில சொல்ல முடியாது."

"வெளியில வேணாம். உள்ள இருக்கறவனுக்காவது சொன்னீங்களா?"

அலுவலர் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டார். அக்கா அந்த இடத்தில் மனத்துக்குள் ஒரு குறி வைத்துக்கொண்டார்.

நீதிமன்ற வளாகத்தின் பின்புறம், ஏழைகளுக்கு இலவசமாக வழக்காடும் சட்ட உதவி மையம் இருந்தது. அங்கே இருந்த வழக்கறிஞர் இளவயதுப் பெண். எப்போதும் அவித்த வேர்க்கடலையைக் கொறித்தபடியே பேசுவார். அக்கா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"வக்கீலம்மா, நீதிபதி குடுத்ததை அவன் அனுபவிக்கட்டும். குடுக்காததை எதுக்கு அனுபவிக்கணும்? இன்னிக்கே கோர்ட்டுல கேஸ் போடுங்க."

"போடலாங்க. ஆனா அங்க முதல் கேள்வியே 'உள்ள கேட்டுப் பாத்தீங்களா'ன்னுதான் வரும். இல்லைன்னா போய்க் கேட்டுட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. ஏணியில முதல் படியை விட்டுட்டு மொட்டைமாடிக்குத் தாவற மாதிரி ஆயிடும்."

"சரி, முதல் படி எது?"

"ஏன் தனியா வெச்சிருக்கீங்கன்னு எழுத்துல காரணம் கேக்கறது. அதை உங்க தம்பியே கேக்கலாம். அவர் சார்பா நானும் கேக்கலாம். காரணம் தப்புன்னா கண்காணிப்பாளர்கிட்ட ஆட்சேபம் சொல்லலாம். அவரும் கேக்கலைன்னா பார்வையாளர் குழு இருக்கு. வெளியாளுங்க, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருத்தங்க, டாக்டர் ஒருத்தர். அவங்க சிறைக்குள்ள எந்தக் கதவையும் திறக்கச் சொல்லிப் பாக்கலாம். அதுக்கும் அசையலைன்னா, அப்புறம் கோர்ட்டு. அப்ப நம்ம கை பலமா இருக்கும்."

அக்கா அனைத்தையும் கேட்டுக்கொண்டு, தட்டிலிருந்து ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டார். "அப்ப எழுதுங்க" என்றார்.

காரணம் கேட்ட கடிதத்துக்குப் பதில் வரச் சில வாரங்கள் ஆயின. வந்த பதில் இரண்டே வரி. கைதியின் நெற்றியில் காயம் காணப்பட்டதாலும், மற்றக் கைதிகளால் அவருக்கு ஆபத்து என்று குடும்பத்தார் வேண்டிக்கொண்டதாலும், பாதுகாப்புக் கருதித் தனியே வைக்கப்பட்டுள்ளார் என்று இருந்தது.

"குடும்பத்தாரா?" என்றார் அக்கா. "குடும்பம்னா நான்தானே. நான் எப்பக் கேட்டேன்?"

வழக்கறிஞர் 'குடும்பத்தார்' என்ற சொல்லின்கீழ் பேனாவால் கோடிட்டார். குடும்பத்தில் இன்னும் ஒருவர் மீதம் இருப்பது அக்காவுக்கு அந்தக் கணத்தில் நினைவுக்கு வந்துவிட்டது.

மாலையில் வேனைக் கழுவிக்கொண்டிருந்த கணவரின் எதிரே போய் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏங்க, நான் காய்ச்சலா படுத்திருந்தப்ப நீங்க மட்டும் தம்பியைப் பாத்துட்டு வந்தீங்களே, அன்னிக்கு அவன் நெத்தியில ஏதாவது காயம் இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றார் கணவர். பிறகு, கேள்வி எங்கே போகிறது என்பது புரிந்தவராய்க் குழாயை அடைத்தார். "லேசாத்தான். கேட்டதுக்கு இடிச்சுக்கிட்டேன்னான். நான் நம்பல."

"யாருகிட்டப் போய் என்ன சொன்னீங்க?"

சொல்லிவிட்டார். அவருடைய வேனில் வரும் குழந்தை ஒன்றின் அப்பா அந்தச் சிறையில் துணை ஜெயிலர். காலையில் குழந்தையை ஏற்றும்போது அவரிடம், "சார், என் மச்சினனை யாரோ அடிக்கறாங்க போலிருக்கு. அந்த ஆளுங்களோட வைக்காதீங்க சார்" என்று காதோடு காதாகச் சொல்லியிருக்கிறார். துணை ஜெயிலரும் தலையசைத்திருக்கிறார். பெரிய இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிக் காரியத்தைச் சாதித்துவிட்டோம் என்ற பெருமையில் கணவர் அன்று மாலை வீட்டுக்குப் பழம் வாங்கி வந்திருந்தார். அந்தப் பழத்தை அக்காவும் தின்றிருந்தார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேணாம்னுடுவ."

"தனியறையில அவன் ஊமையா கெடக்கறதை நான் வந்து சொன்னப்பவாவது?"

கணவர் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். அதில் தண்ணீரே இல்லை. "நம்மாளுங்கதான் இப்படிக் கேடு பண்ணுவாங்க" என்றார் கடைசியில். "எதிரிக்கு இவ்வளவு அக்கறை இருக்காது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்படிக்குள் போய்த்தான் சிரித்தார். பிறகு அங்கேயே நின்று சற்று அழவும் செய்தார்.

மறுநாள் காலையில் கணவர் அதே துணை ஜெயிலரிடம் தம் சொல்லைத் திரும்பப் பெற முயன்றார். அது நடக்கவில்லை.

"நீங்க சொன்னீங்க, நான் மேல சொன்னேன், உத்தரவு போட்டாச்சு. இப்ப நான் வெளியில விட்டு நாளைக்கு அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா, குடும்பமே எச்சரிச்சுதே, நீ என்ன பண்ணிட்டிருந்தன்னு என் கழுத்தைப் பிடிப்பாங்க" என்றார் துணை ஜெயிலர். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. காதுவழியே உள்ளே போன கோரிக்கைக்குக் காதுவழியே வெளியே வரத் தெரியவில்லை. கண்காணிப்பாளரிடம் சொன்ன ஆட்சேபத்துக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்ற விடைதான் வந்தது. பார்வையாளர் குழுவிடம் போவது என்று வழக்கறிஞர் முடிவு செய்தார்.

"ஆனா ஒண்ணுங்க" என்றார் அவர். "குழு உங்க தம்பியைக் கூப்பிட்டு நேர்ல கேக்கும். 'எனக்கு அங்க ஆபத்தில்ல, மத்தவங்களோட இருக்கணும்'னு அவர் வாயாலயே சொல்லணும். அவர் வாய் திறக்கலைன்னா, தனியா இருக்கறதே அவருக்குப் பிடிச்சிருக்குன்னு எடுத்துக்குவாங்க. நாம வெளியிலேருந்து எவ்வளவு கத்தினாலும் எடுபடாது."

ஊரெல்லாம் ரேடியோ என்று அழைத்த ஒருவனைப் பேசவைப்பது எப்படி என்ற கவலை தமக்கு வரும் என அக்கா கனவிலும் நினைத்ததில்லை.

குழு கூடுவதற்குமுன் ஒரே ஒரு சந்திப்புக்குத்தான் இடமிருந்தது. தம்பி வந்து வலைக்கப்பால் நின்றான். தாடி வளர்ந்திருந்தது. அக்கா நடந்ததையெல்லாம் சொன்னார். மாமா செய்த கூத்தைச் சொன்னபோதும் அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"குழுவுல கேப்பாங்கடா. சொல்லுவியா?"

"எதுக்குக்கா? இங்கயே இருந்துட்டுப் போறேன். பழகிடுச்சு."

அடித்து வளர்த்த பிள்ளை இல்லை அவன். அதட்டினால் இன்னும் உள்ளே போய்விடுவான். கெஞ்சினால் அவனும் அழுவான். அதோடு நேரம் முடிந்துவிடும். அக்கா எங்கிருந்தோ வந்ததுபோல் ஒரு பழங்கதையை எடுத்தார்.

"நேத்து கடையில உன்னைப் பத்திதான் பேச்சு. சின்ன வயசுல ஒரு சிவப்புச் சைக்கிளை எடுத்துக்கிட்டு இறக்கத்துல வந்து தையல்கடைக்குள்ள பூந்தியே, அதைச் சொல்லிச் சிரிச்சோம்."

தம்பி தரையைப் பார்த்தான்.

"பாவம், அந்தத் தையல்காரர். சட்டையைத் தைச்சுக்கிட்டிருந்தவரு, ஊசி விரல்ல ஏறி..."

"சலூன்" என்றான் தம்பி.

"என்னது?"

"அது தையல்கடை இல்ல. சலூன்."

"போடா, தையல்கடைதான். எனக்குத் தெரியாதா? பிரேக் இல்லாத சிவப்புச் சைக்கிள்."

"பச்சை சைக்கிள்க்கா. பிரேக் இருந்துச்சு." அவன் நிமிர்ந்தான். "பிரேக் பிடிச்சா வேகம் போயிடுமேன்னு நான்தான் பிடிக்கல. சலூன் கதவு திறந்திருந்துச்சு, நேரா போனேன். நாற்காலியில நம்ம தபால்காரர். முகமெல்லாம் சோப்பு."

"தபால்காரரா? பால்காரர்ல?"

"அக்கா, உனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. தபால்காரர். நான் போய் இடிச்ச இடியில கத்தி ஒரு இழுப்பு இழுத்து, ஒரு பக்கத்து மீசை போயிடுச்சு. வேற வழியில்லாம இன்னொரு பக்கத்தையும் எடுத்தாங்க. வீட்டுக்குப் போனா, அவரு பொண்டாட்டி கதவைப் பாதி திறந்து, 'அவரு வேலைக்குப் போயிருக்காரு, சாயங்காலம் வாங்க'ன்னு சொல்லிட்டு மூடிட்டாங்க."

காவலர் சிரித்துவிட்டார். தம்பி அவர் பக்கம் திரும்பி, அந்தத் தபால்காரர் மீசை வளரும்வரை தெருவில் பட்ட பாட்டையும் சொல்லத் தொடங்கினான். குரல் முதலில் துருப்பிடித்த கீல்போல் கரகரத்தது, போகப்போகச் சரியாயிற்று. அக்கா வேண்டுமென்றே இன்னும் இரண்டு இடங்களில் தப்பாகச் சொன்னார். இரண்டையும் அவன் விடவில்லை. நேரம் முடிந்து அழைத்துப் போகும்போது, வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"நீ வேணும்னே மாத்திச் சொன்ன."

"ஆமா. குழுவுலயும் என்னையே சொல்லவிட்டா, இப்படித்தான் மாத்தி மாத்திச் சொல்லுவேன். நீ வந்து திருத்து."

குழு சிறை அலுவலகத்தின் நீண்ட அறை ஒன்றில் கூடியது. ஓய்வுபெற்ற நீதிபதியான ஓர் அம்மையாரும் மருத்துவர் ஒருவரும் மேசைக்குப் பின்னே அமர்ந்தனர். பக்கவாட்டில் துணை ஜெயிலர். குடும்பத்தாரின் வேண்டுகோளே காரணமாகக் காட்டப்பட்டிருந்ததால் அக்காவையும் கணவரையும் அழைத்திருந்தார்கள். வழக்கறிஞர் அவர்களருகே இருந்தார். கடலை பைக்குள் இருந்தது.

முதலில் கணவர் எழுந்தார். வேன் ஓட்டும்போது போடும் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டே, "நான்தாங்க கேட்டேன். அடிச்சாங்கன்னு நான் பாக்கலை. மச்சினன்கிட்டயும் கேக்கலை. என் பேச்சை நம்பி நீங்க அவனை அடைச்சு வைக்க வேணாம். என் பேச்சை வீட்டுலயே யாரும் நம்பறதில்ல" என்றார். நீதிபதி அம்மையார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு தம்பியை அழைத்து வந்தார்கள். மருத்துவர் அவன் நெற்றியைப் பார்த்துவிட்டு, காயம் எப்படி வந்தது என்று கேட்டார். அக்கா தம் புடவைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே போனார்.

"தையல் மேசைக்கு அடியில நூல் சுத்தற பாபின் உருண்டு போச்சுங்க. குனிஞ்சு எடுத்தேன். எழுந்திரிக்கறப்ப மேசை இருக்கறதை மறந்துட்டேன்" என்றான் தம்பி. "பக்கத்துல பத்துப் பேர் இருந்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. யாரையாவது கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேக்கலை."

துணை ஜெயிலர் குறுக்கிட்டார். "அம்மா, கூடத்துல எல்லாருமே சாதுக்கள் இல்ல. நாளைக்கு நிஜமாவே ஏதாவது நடந்தா யாரு பொறுப்பு?"

நீதிபதி அம்மையார் அந்தக் கேள்வியைத் தம்பியின் பக்கமே திருப்பினார். "அவர் கேக்கறதுல நியாயம் இருக்கே. நீங்க என்ன சொல்றீங்க?"

தம்பி அக்காவைப் பார்க்கவில்லை. "கூடத்துல என்னை யாராவது அடிச்சா, அடிச்சாங்கன்னு சொல்ல நாலு பேர் இருப்பாங்க. தனியறையில நானே சுவத்துல முட்டிக்கிட்டாலும் சொல்ல ஆள் இல்லைங்க. அங்க கொஞ்ச நாள் இருந்ததுல எனக்கே பேச வரல. என் அக்கா வந்து தப்புத்தப்பா ஒரு கதை சொன்னாங்க. அதைத் திருத்தறதுக்காகத்தான் வாயைத் திறந்தேன். எல்லாருக்கும் அப்படி ஒரு அக்கா கிடைக்காது."

மருத்துவரும் நீதிபதியும் தாழ்ந்த குரலில் சிறிது பேசிக்கொண்டார்கள். அன்றைக்கே அவனைக் கூடத்துக்கு மாற்றவேண்டும் என்றும், இனி எவரையும் பாதுகாப்புக்கென்று தனியே வைப்பதானால் முதலில் அவரையே கேட்டறிந்து, காரணத்தையும் அவரிடம் சொல்லவேண்டும் என்றும் நீதிபதி அம்மையார் அறிவித்தார். கணவர் பெருமூச்சு விட்டார். அக்கா எழுந்தார்.

தம்பி எழவில்லை.

"இன்னொண்ணு இருக்குங்க" என்றான்.

அக்காவுக்குப் பகீரென்றது. கைக்கு எட்டியதை இவன் வாயாலேயே கெடுத்துக்கொள்ளப் போகிறான் என்று தோன்றியது. கணவரின் முழங்கையை அழுத்திப் பிடித்தார்.

"எனக்குப் பக்கத்து அறையில ஒரு பெரியவர் இருக்காரு. நான் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே வந்தவரு. சாயங்காலத்துல சுவத்தைத் தட்டுவாரு; நானும் தட்டுவேன். அவ்வளவுதான் எங்க பேச்சு. அவரைப் பாக்க யாரும் வர்றதில்லைன்னு சாப்பாடு கொண்டு வர்றவர் சொன்னாருங்க. ஏன் வெச்சிருக்காங்கன்னு அவருக்கும் தெரியாதாம், கேக்கலாம்னும் தெரியாதாம். இன்னிக்கு நான் போயிட்டா, அவரு தட்டினா அந்தப் பக்கம் யாரும் இருக்கமாட்டாங்க."

நீதிபதி அம்மையார் துணை ஜெயிலரைப் பார்த்தார்.

"அது பழைய உத்தரவும்மா. நான் இங்க வர்றதுக்கு முன்னாடி போட்டது" என்றார் அவர்.

"காரணம்?"

"பாத்துத்தான் சொல்லணும்."

அம்மையார் நாற்காலியைப் பின்னே தள்ளி எழுந்தார். "வாங்க டாக்டர், நேர்லயே பாத்துட்டு வந்துடலாம்."

தம்பியைக் கூடத்தின் பக்கம் அழைத்துப் போனார்கள். அவன் போகிறபோக்கில் காவலரிடம் ஏதோ சொல்லத் தொடங்கியிருந்தான். திருப்பத்தில் மறைந்த பிறகும் அந்தக் குரல் கேட்டது. குழுவினர் எதிர்த்திசையில், தனியறைகளின் பக்கம் நடந்தார்கள்.

"கெடுத்துடுவான்னு பயந்துட்டேன்" என்றார் அக்கா, யாரிடம் என்றில்லாமல். அவர் கண்கள் ஈரமாக இருந்தன. ஆனால் முகத்தில், வெகுநாள் காணாத ஒரு மிடுக்கு.

கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பிள்ளைங்களை ஏத்தணும். வா, போகலாம்."

"நீங்க போங்க."

"வேலைதான் முடிஞ்சுதே?"

"நம்ம வேலை முடிஞ்சுது. அந்தம்மா திரும்பி வர்றப்ப, அந்தப் பெரியவருக்கு யாராவது இருக்காங்களான்னு கேட்டாலும் கேப்பாங்க. யாரும் இல்லைன்னு எழுதிடக்கூடாதில்ல."

வழக்கறிஞர் பெஞ்சின்மேல் இருந்த தம் பையை நகர்த்தி இடம் கொடுத்தார். அக்கா உட்கார்ந்தார்.